குழாயின் இரண்டு முனைகள்

அன்புள்ள ஐயா,

ரஷ்யா எரிவாயுவை நிறுத்தினால் ஐரோப்பா மண்டியிட்டுவிடும் என்றார்கள். 2022 இல் பெருமளவு நிறுத்தியும் அப்படி நடக்கவில்லையே. பிறகு எதற்குக் குழாய்களுக்காக இத்தனை சண்டை?

ம.

அன்புள்ள ம.,

எண்ணெயை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது பிடிபடாது. எண்ணெய்க் கப்பல் நடுக்கடலில்கூட வேறு துறைமுகத்துக்குத் திரும்பிவிடும், குழாய் திரும்பாது. ஐரோப்பாவுக்கு வாயு தந்த மேற்கு சைபீரிய வயல்களிலிருந்து சீனாவுக்குக் குழாயே இல்லை. 2019 இல் சீனாவுக்குத் திறந்த 'சைபீரியாவின் வலிமை' குழாய் கிழக்கே வேறு வயல்களிலிருந்து போகிறது. அதனால் வால்வை மூடியவருக்கும் அடிதான், 2023 இல் ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் பெரும் நட்டம் காட்டியது.

ஆனால் விற்பவருக்கு வலி மெதுவாக வரும், வாங்குபவருக்கு அன்று இரவே வந்துவிடும். 2009 ஜனவரியில் விலைத் தகராறு மாஸ்கோவுக்கும் கீவுக்கும். உக்ரைன் வழியாக வந்த வாயு ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றது, ஒரே குழாயை நம்பியிருந்த பல்கேரியாவில் கடுங்குளிரில் வீடுகளின் வெப்பமூட்டிகள் அணைந்தன, பள்ளிகளை மூடினார்கள். அந்தத் தகராறில் பல்கேரியர்களுக்கு என்ன பங்கு? உக்ரைனைத் தொடாமல் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் போட்டதும் இந்தக் கணக்கில்தான். வழியில் இருக்கும் நாட்டை விலக்கிவிட்டால் அதை மட்டும் தனியாக நெருக்கலாம்.

இதற்கு மாற்று என்ன என்று லிதுவேனியா காட்டியது. முழுக்க ரஷ்ய வாயுவை நம்பியிருந்த நாடு, 2014 இல் கிளைபேடா துறைமுகத்தில் திரவ வாயுவை மீண்டும் வாயுவாக்கும் ஒரு கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது, அதற்கு 'சுதந்திரம்' என்றே பெயர். கப்பல் வந்து சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்துவிட்டது! இன்னொரு கதவு திறக்கப்போகிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பா மண்டியிடவில்லை என்பது உண்மை. மைனஸ் 162 டிகிரியில் குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுவை உலகச் சந்தையில் எந்த விலைக்கும் வாங்கித் தப்பித்தது. அந்த விலையைக் கொடுக்க முடியாத பாகிஸ்தானும் வங்கதேசமும் அதே 2022 கோடையில் மணிக்கணக்கில் மின்வெட்டில் கிடந்தன. ஐரோப்பா தாங்கிவிட்டது என்று யாராவது சொல்லும்போது எனக்கு இருட்டில் புழுங்கிய அந்த வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.