அம்மா சும்மா முணுமுணுக்கவில்லை

ஐயா, விடுமுறையில் குடும்பத்தோடு பொன்னியின் செல்வன் இரண்டு படங்களையும் ஒரே நாளில் வீட்டில் பார்த்தோம். கதையைக் கரைத்துக் குடித்த அம்மா, ‘இது கல்கி எழுதலியே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். அம்மாவை எப்படி அடக்குவது? பிள்ளைகளுக்கு முதலில் புத்தகமா, படமா? நந்தினியாக ஐஸ்வர்யா ராய் பொருத்தம்தானா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நடிகர் பொருத்தத்தை விடுங்கள், அது அவரவர் கண். அம்மாவை அடக்க நீங்கள் யார்? 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதையை, ஏறக்குறைய ஐந்தரை மணி நேரப் படங்களாக, ஒரே மூச்சில் பிள்ளைகளுக்குப் புகட்டியது உங்கள் தப்பு. நடுவில் ஒரு வாரமாவது விட வேண்டும்.

பிள்ளைகள் எழுந்து போனது பெயர்க் குழப்பத்தால்தான் இருக்கும். படம் போடுமுன் ஒரு தாளில் வம்சத்தை வரையச் சொல்லுங்கள். மேலே முதலாம் பராந்தகன். கீழே மகன்கள்: தக்கோலப் போரில் மாண்ட ராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் மதுராந்தகன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, பின்னாளில் ராஜராஜன் ஆன அருள்மொழி. மூத்தவர் கண்டராதித்தன் இருக்க, அரியணை எப்படித் தம்பி வழிக்குப் போனது என்று பிள்ளையே கேட்கும். சோழ அரசில் பெரும் பதவி வகித்த சிற்றரசர்களான பழுவேட்டரையர் சகோதரர்கள் மதுராந்தகன் பக்கம் நிற்பதன் நியாயம் அதில் இருக்கிறது. அது புரியாவிட்டால் அவர்கள் வெறும் வில்லன்கள்.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். கரிகாலன் சாவில்தான் அவர் அதிகம் முணுமுணுத்திருப்பார், சரிதானே? காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்கள் சொத்தைப் பற்றி ஆணையிடுகிறது. கல்கி ரவிதாசனைக் கதைக்குள் கொண்டுவந்தார். ஆனால் குத்திய கை யாருடையது என்பதை மட்டும் கடைசிவரை இருட்டில் வைத்தார். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. பழி கதாநாயகன் வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காதலிக்கும் கடம்பூர்ப் பெண் மணிமேகலை ‘நான்தான் கொன்றேன்’ என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் தன் கத்தியென்று ஏற்கிறார். வாசகர்கள் இன்றும் சண்டை போடுவது அதனால்தான். படத்திலோ மணிமேகலையே இல்லை. கரிகாலனையும் அவன் பழைய காதலி நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்தி விடையைச் சொல்லிவிடுகிறார்கள். காட்சி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பமே உட்கார்ந்து யார் கொன்றது என்று வாதாடும் இடம் போய்விட்டது. அம்மா அழுவது அதற்காக.

ஆகவே இரண்டாம் படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, அந்த அத்தியாயங்களை அம்மாவையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குறுக்கே யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், நீங்களும்தான். கொன்றது யாரென்று ஆளுக்கொரு சீட்டில் எழுதட்டும், காரணத்தோடு. அதன்பிறகு பிள்ளை முதல் பாகத்தைத் தானே கையில் எடுத்தால் கொடுங்கள். எடுக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.