வேப்பெண்ணெய் அடித்தும் புதினாவில் அசுவினி போகவில்லை, இயற்கையாக வேறு என்ன செய்யலாம்?

தினமும் தெளிப்பானும் கையுமாகச் செடி முன்னால் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

என் துளசியில் கொழுந்தெல்லாம் சுருண்டுபோனது. இலையைத் திருப்பினால், சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்தது. நடுநடுவே கறுப்பாக, முதலைக்குட்டி மாதிரி உடம்பும் முதுகில் ஆரஞ்சுப் புள்ளியுமாகச் சில புழுக்கள். இலையைத் தின்பது இவைதான் என்று ஒவ்வொன்றாக நசுக்கினேன். இருபதாவது இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு காணொளியில் சொன்னதைக் கேட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கண்ணளவில் கலந்து, நல்ல வெயிலில் அடித்தேன். இரண்டே நாளில் இலை ஓரங்கள் கருகின. பத்து நாளில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது.

நான் நசுக்கியது பொறிவண்டின் இளம்புழு. ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். அசுவினிக்கோ ஆண் துணைகூட வேண்டாம், நேரடியாகக் குட்டி போடும். வெப்பமான நாட்களில் அந்தக் குட்டியும் ஏழெட்டு நாளில் போட ஆரம்பித்துவிடும். அதைக் கட்டுப்படுத்த வந்ததை நானே கொன்றேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

வேப்பெண்ணெய் வீண் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. தின்பதையும் தோலுரிப்பதையும்தான் கெடுக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைந்தும் போகும். லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். பொறிவண்டுப் புழு இருக்கும் கிளையில் அடிக்கவே வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது வெறும் தண்ணீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்டைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு இலைக்கு அடியில் பீய்ச்சினேன். கூடவே எறும்பைத் தடுத்தேன். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை அண்டவிடாது. தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றினேன். கிளை சுவரில் பட்டால் எறும்புக்கு அதுவே பாலம், அதை வெட்டிவிட வேண்டும். தட்டுத் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் கொசு வரும்.

   

உங்கள் புதினா ரொம்ப மோசமாக இருந்தால், இரண்டு விரல் உயரம் விட்டு மொத்தமாக வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அடியிலிருந்து துளிர்த்துவிடும். துளிர்க்கிறதே என்று தழைச்சத்து உரத்தை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், கொழுத்த இளந்தண்டைத்தான் அசுவினி முதலில் பிடிக்கும்.