தட்டட்டியில் நிற்கும் தண்ணீர்: அரசு மருத்துவமனைக் கட்டடங்கள் பற்றிய கேள்வி-பதில்

அரசுக் கட்டடப் பொறியாளராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் எனக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரையும் மருத்துவமனைகளின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மழை பெய்தால் பிரசவ அறைக்கு வெளியே வாளி வைக்கிறார்கள். மருத்துவரைக் கேட்டால் பொதுப்பணித் துறை என்கிறார். பொதுப்பணித் துறையில் கேட்டால் நிதி வரவில்லை என்கிறார்கள். உண்மையில் யார் பொறுப்பு, ஐயா? (அம்பாசமுத்திரம் வட்ட வாசகர்)

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் மூன்று இயக்ககங்களின் கீழ் வருகின்றன. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் ஹைகிரவுண்டில் உள்ள அதன் மருத்துவமனையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தவை. வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. மாவட்டத்தில் அவற்றுக்கு இணை இயக்குநர் பொறுப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ், மாவட்ட சுகாதார அலுவலரின் பார்வையில் உள்ளன. கட்டடத்தைக் கட்டுவதும் பெரிய பழுதுகளைப் பார்ப்பதும் பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவு. சில சுகாதார நிலையங்களை ஊரக வளர்ச்சித் துறை கட்டியிருக்கும். உங்கள் ஊர்க் கட்டடத்தை யார் கட்டினார்கள் என்பதை அறிய முதலில் வாசலில் பதித்திருக்கும் திறப்பு விழாக் கல்வெட்டைப் படியுங்கள். எந்தத் திட்டம், எந்த ஆண்டு என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

அடுத்து, பழுது நீங்குவதற்கான பாதை. மருத்துவ அலுவலர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். சுகாதாரத் துறை நிர்வாக ஒப்புதலும் நிதியும் தர வேண்டும். பொறியாளர்கள் தொழில்நுட்ப ஒப்புதல் தர வேண்டும். பிறகு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மருத்துவ அலுவலரின் கடிதம். அது வாய்மொழியாகவே நின்றுவிட்டால், பத்து ஆண்டு ஒழுகினாலும் அரசின் கணக்கில் அந்தக் கூரை ஒழுகவில்லை என்றே பொருள். ஆகவே மருத்துவரிடம் "யார் பொறுப்பு" என்று கேட்பதைவிட, "எந்தத் தேதியில் எழுதினீர்கள், அலுவலகக் கடித எண் என்ன" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் எழுத வைப்பதுதான் ஊராரின் முதல் வேலை.

சிறு வேலைகளுக்கு இவ்வளவு சுற்று தேவையில்லை. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் தொடக்க விதிமுறைகளில், ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு ஆண்டுப் பராமரிப்பு மானியமாக 50,000 ரூபாயும், உள்ளூர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடும் நிதியாக 25,000 ரூபாயும் வகுக்கப்பட்டிருந்தன. பின்னர் இவை ஒன்றாக்கப்பட்டு, நோயாளிகள் நலச் சங்கத்தின் வழியே செலவிடப்படுகின்றன. உடைந்த குழாய், அடைத்த வடிகால், கதவுத் தாழ்ப்பாள் போன்றவற்றை அந்தச் சங்கமே தீர்மானம் போட்டுச் சரிசெய்யலாம்.

பணியில் இருந்தபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மகப்பேறு வார்டு ஒன்றில் மின்விசிறித் தண்டு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்று இரண்டு நாளான தாயின் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, கட்டில் இருந்த இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். தளத்தை முழுவதும் இடித்துப் போட வேண்டும் என்று அதற்கு முன்பே பெரிய மதிப்பீடு ஒன்று தயாராகி, நிதிக்காக இரண்டு ஆண்டுகளாகக் காத்துக் கிடந்தது. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறிப் பார்த்தால் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் தேநீர்க் குவளையும் புறா இறகுகளும் அடைத்திருந்தன. கையை விட்டு எடுத்ததும் கால் மணி நேரத்தில் தளம் வடிந்தது. தண்ணீர் வயர்க் குழாய்க்குள் இறங்கி, அதன் வழியே விசிறிக்கு வந்திருக்கிறது. தளத்தில் விரிசலும் இருந்தது, உண்மைதான். ஆனால் தண்ணீர் நிற்காத தளத்தில் அந்த விரிசலால் வார்டு நனைந்திருக்காது. விசிறி வழியாகவோ விளக்கு வழியாகவோ கசிவு வந்தால், பொறியாளருக்குக் காத்திராமல் அந்த அறையின் மின் இணைப்பை உடனே துண்டிக்கச் சொல்லுங்கள்.

கட்டி எட்டு ஆண்டுகூட ஆகாத கட்டடம். புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. துருப்பிடித்த கம்பி தெரிகிறது. பூசிவிட்டுப் போகிறார்கள், மறுபடி விழுகிறது. (இராதாபுரம் வட்டக் கடற்கரைக் கிராமத்து வாசகி)

இதைப் பூச்சு வேலை என்று எண்ணுவதே தவறு. விழுவது பூச்சாக இருந்தாலும், நோய் கம்பியில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். கான்கிரீட்டுக்குள் அதற்கு இடமில்லாததால், அது தன் கீழே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. உவரி முதல் கூடங்குளம் வரை கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தோடு கம்பியைச் சென்றடையாமல் காப்பது, கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்தான். சாதாரணச் சூழலில் கம்பிக்கு 20 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்று சொல்லும் இந்தியத் தர விதி (ஐ.எஸ். 456), கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. தளம் போடும் நாளில் கம்பிக்குக் கீழே அந்தக் கனத்துக்கான கட்டையை (கவர் பிளாக்) வைக்காமல் சல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் எத்தனை முறை பூசினாலும் அந்தக் குறை தீராது. தண்ணீரும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதே விதி வரையறுக்கிறது. கடற்கரையோரக் கிணறுகளில் உப்புச் சுவை தெரிகிற தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றிக் கட்டினால் துருவையும் சேர்த்தே கட்டுகிறோம்.

சரியான பழுதுபார்ப்பு என்பது, தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் பகுதி முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறம் தெரியும்வரை திறந்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, கம்பி இளைத்துப் போன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த சாந்தால் கெட்டியாக அடைப்பது. சிமெண்டுச் சாந்தை மேலே அப்பிச் சுண்ணாம்பு அடிப்பது நோயாளிகளின் தலைக்கு மேல் எடையை ஏற்றி வைப்பதற்குச் சமம். அதைச் செய்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் குறைதீர்ப்புப் பொறுப்புக் காலம் எப்போது முடிந்தது, அதற்குள் புகார் பதிவாகியிருந்ததா என்பது. பதிவாகியிருந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது, கட்டடத்தின் உறுதித்தன்மை பற்றிச் செயற்பொறியாளரின் எழுத்து மூலமான கருத்து. அது வரும்வரை அந்தக் கூடத்தில் மக்களை உட்கார வைக்க வேண்டாம் என்று மருத்துவ அலுவலரிடம் வற்புறுத்துங்கள். வெளியே ஒரு பந்தல் போட்டால் போதும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்க உத்தரவு பறந்தது. மருத்துவமனைக் கட்டடங்களுக்கு அப்படி ஓர் ஆய்வு நடக்க ஒரு சாவு தேவைப்படக் கூடாது.

அரசு மருத்துவமனைக் கட்டடங்களை வெளியிலிருந்து யாராவது தணிக்கை செய்கிறார்களா? (பாளையங்கோட்டை வாசகர்)

செய்கிறார்கள். மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்த தேசியத் தர உறுதி நெறிமுறைகளில் கட்டடப் பராமரிப்பு, தீப் பாதுகாப்பு, குடிநீர், மின்சாரம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் மூன்று ஆண்டுகளுக்குச் சான்று கிடைக்கும். தூய்மைக்காக 2015 முதல் காயகல்ப் விருது தரப்படுகிறது. இவற்றின் குறை என்னவென்றால், விண்ணப்பித்த மருத்துவமனையைத்தான் வந்து பார்ப்பார்கள். மோசமான நிலையில் உள்ளது விண்ணப்பிப்பதே இல்லை.

பணம் போன வழியைப் பார்ப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவருடைய அறிக்கை ஆளுநர் வழியே சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குப் போகிறது. சட்டமன்ற மனுக்கள் குழு, உறுதிமொழிக் குழு போன்றவை மாவட்டங்களுக்கு நேரிலும் வருகின்றன. "புதிய கட்டடம் கட்டித் தரப்படும்" என்று அமைச்சர் அவையில் சொன்ன வாக்கு நிறைவேறியதா என்று கேட்பதுதான் உறுதிமொழிக் குழுவின் வேலை. உங்கள் தொகுதி பற்றி அப்படியொரு வாக்கு தரப்பட்டிருந்தால், அவைக் குறிப்பின் தேதியோடு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "தங்கள் கேள்வி தெளிவாக இல்லை" என்று பதில் வந்தது. (நாங்குநேரி வாசகர்)

"ஏன் பராமரிக்கவில்லை" என்று கேட்டிருப்பீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணத்தைத் தரும். காரணத்தை யோசித்து எழுதித் தரச் சொல்லாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கட்டடத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட மதிப்பீடுகளின் நகல், பணி ஆணையின் நகல், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் நகல், மருத்துவ அலுவலர் பொதுப்பணித் துறைக்கு எழுதிய கடிதங்களின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பலருக்கும் தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு. அரசுப் பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் குடிமக்களுக்கு அது உரிமை தருகிறது. அளவுப் புத்தகத்தில் நூறு சதுர மீட்டர் தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான ஓடு) பதித்ததாக எழுதியிருந்தால், அதை நேரில் ஆய்வு செய்ய விண்ணப்பித்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2023 வெள்ளம் போல மறுபடி வந்தால் எங்கள் மருத்துவமனை தாங்குமா? (திருநெல்வேலி வாசகர்)

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் சுவர் தாங்குமா என்பதற்கு முன், மின்சாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஜெனரேட்டர், மின் பகிர்மானப் பலகை, தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டி, மருந்துக் கிடங்கு ஆகிய நான்கும் தரைத்தளத்தில் எந்த உயரத்தில் இருக்கின்றன? அந்த வெள்ளத்தின் சேற்றுக் கோடு சில சுவர்களில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்கு மேல் மூன்று அடியாவது உயரத்தில் மேடை கட்டி அவற்றை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். இது பெரிய நிதி கேட்கும் வேலை இல்லை.

சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பான்கள் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வள்ளியூர் வாசகி)

அழுத்தமானி இருந்தால் அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதி எழுதிய அட்டை தொங்க வேண்டும். பாதுகாப்பு ஊசி இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமானது, அவசரப் படிக்கட்டின் கதவு பூட்டாமல் இருப்பது. பழைய கட்டில்களை அங்கே அடுக்கிப் பூட்டு போடும் வழக்கத்தை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏற்பட்ட தீயில் உயிர்கள் பலியாயின என்பதை நினைவூட்டி, கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் என் தந்தையின் சக்கர நாற்காலியை இருவர் சேர்ந்தாலும் ஏற்ற முடியவில்லை. (மேலப்பாளையம் வாசகர்)

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அளவுகளோடு மனுக் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் இளைஞர்கள் சேர்ந்து எங்கள் சுகாதார நிலையத்துக்கு வெள்ளையடித்துத் தரலாமா? கூரையின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஒன்றும் முளைத்திருக்கிறது. அதையும் வெட்டிவிடலாமா? (சேரன்மகாதேவி வட்ட வாசகர்)

மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, நோயாளிகள் நலச் சங்கத்தின் தீர்மானத்தோடு தாராளமாகச் செய்யுங்கள். ஈரச் சுவரில் வண்ணம் நிற்காது என்பதால், முதலில் கசிவை நிறுத்திவிட்டு அடியுங்கள். இடிப்பது, துளை போடுவது, மின் வேலை ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம்.

அரசங்கன்றை வெட்டினால் வேர் இன்னும் தடித்து மறுபடி துளிர்க்கும். விரல் கனத்துக்குள் இருக்கும்போதே, நல்ல மழை பெய்து சாந்து நனைந்திருக்கும் நாளில் வேரோடு பிடுங்கி, ஓட்டையைச் சுத்தம் செய்து சிமெண்டுச் சாந்தால் இறுக்கி அடைக்க வேண்டும். மணிக்கட்டுக் கனம் ஆகிவிட்டால் கைப்பிடிச் சுவரின் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். அது பொறியாளர் வேலை. ஏறும்போது மழைநீர்க் குழாய் வாய்களையும் பார்த்து, குப்பை புகாதபடி கம்பி வலை போட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு தடவை பார்த்தால் போதும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் உள்ளவர்கள் சாரல் தொடங்குமுன் வைகாசியிலும் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும்.