வாசகர் கேள்வி பதில்: காரை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பும்போது

கேள்வி: எங்கள் அத்தையின் குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்று, நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியில் குடியேறியது. உறவு விட்டுப்போகக் கூடாது என்று என் மகளை அத்தை மகனின் வீட்டிலேயே மணமுடித்துக் கொடுத்தோம். மருமகனுக்கு இப்போது மகாராஷ்டிர மாநிலத்தின் பூனே நகரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பந்தி தம் பெயரிலுள்ள காரைப் பிள்ளைகளுக்கே கொடுத்தனுப்ப விரும்புகிறார். கைக்குழந்தையுடன் அவ்வளவு தூரம் ஓட்டிச்செல்ல முடியாது என்பதால், கார்களை ஏற்றிச்செல்லும் லொறியில் அனுப்ப நினைக்கிறார்கள். இணையத்தில் ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட மிகக் குறைந்த தொகை கேட்கிறதாம். நம்பி அனுப்பலாமா? பூனேயில் வேறு இலக்கத் தகடு எடுக்க வேண்டுமா? மகள் என்னிடம் கேட்கிறாள். அங்குள்ள நடைமுறை எனக்குத் தெரியாது.
— வாசகர், கொட்டகலை

பதில்: லொறியில் அனுப்புவது நல்ல முடிவுதான், ஐயா. கோத்தகிரியிலிருந்து பூனேக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் இருக்கும். குழந்தையையும் தாயையும் அந்தப் பயணத்திலிருந்து காப்பதற்குச் செலவிடும் பணம் வீணாகாது. ஆனால் யார் குறைவாகக் கேட்கிறார்கள் என்பதைவிட, வழியில் காருக்குச் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பு எவ்வளவு தொகைக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதையே பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டும்.

இந்தியாவில் பொருள்களைத் தரைவழியாக ஏற்றிச்செல்வோரை 2007ஆம் ஆண்டின் தரைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அச்சட்டத்தின்படி ஏற்றிச்செல்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு இரசீதும் தர வேண்டும். இதன் கீழ் வகுக்கப்பட்ட 2011ஆம் ஆண்டு விதிகளில், அனுப்புவோர் பலர் அறியாத ஒரு வரையறை இருக்கிறது. பொருளின் மதிப்பைக் கூட்டி எழுதி, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியிருந்தாலன்றி, இழப்பீடு ஏற்றுகூலியின் பத்து மடங்கைத் தாண்டாது. ஏற்றுகூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 6 இலட்சம் ரூபாய் பெறுமதியான கார் முற்றாக அழிந்துபோனாலும் உச்ச வரம்பு 1,50,000 ரூபாய்தான். கூலி குறையக் குறைய அந்த வரம்பும் குறைகிறது. ஆகவே, மற்றவர்களைவிட மிகக் குறைவாகக் கேட்பவரிடம் காரை ஒப்படைப்பது சிக்கனம் என்று நான் கருதவில்லை.

இணையத்தில் விலை சொல்வோரில் பலர் லொறி வைத்திருப்பவர்கள் அல்லர்; இடைத்தரகர்கள். முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை வேறொருவரிடம் கைமாற்றிவிடுவார்கள். கார் பாதி வழியில் நிற்கும்போது கூடுதல் பணம் கேட்கப்பட்டால், யாரிடம் முறையிடுவது என்பதே தெரியாமல் போகும். இரசீதில் யாருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கும், அந்தப் பெயருக்குரிய பதிவு இலக்கம் என்ன, கட்டணத்தில் ஏற்றியிறக்கும் கூலியும் வரியும் அடங்குமா என்ற மூன்றையும் மருமகன் எழுத்தில் கேட்டுப் பெறட்டும். பதில் எழுத்தில் வரவில்லையென்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிடலாம். பெருந்தொகையைக் கார் கைக்கு வந்த பின் செலுத்தும்படி பேசிக்கொள்வதும் நல்லது.

காப்புறுதியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். இந்தியாவின் வழக்கமான முழுமைக் காப்புறுதிப் பத்திரத்தில், கார் தரைவழியாகவோ இரயிலிலோ ஏற்றிச்செல்லப்படும்போது நேரும் சேதமும் அடங்கும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காது. முழுமைக் காப்புறுதி இருந்தாலும், அதில் இழப்பீடு கோரினால் இழப்பீடு கோராதவர்களுக்கு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் கோரிக்கையின்மைச் சலுகை போய்விடும் என்பதால், பயண காலத்துக்கென்று காரின் பெயரிலேயே தனிக் காப்புறுதி எடுத்து, அதன் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். "காப்புறுதி எல்லாம் சேர்த்துத்தான்" என்ற வாய்ச்சொல் போதாது.

அடுத்து, காரை ஒப்படைக்கும் நேரம். பல கார்களை ஒன்றாக ஏற்றும் நீண்ட லொறிகளுக்குக் கோத்தகிரிப் பாதையின் வளைவுகள் ஏற்றவை அல்ல. ரம்பொடைப் பாதையில் ஏறியிறங்கிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ காரைத் தாமே இறக்கிக்கொண்டுபோய்க் கொடுப்பதே முறை. அதற்கு முன்னர் காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் நாற்புறமும், கூரையையும், சில்லுகளையும், ஓடிய தூரத்தைக் காட்டும் மானியையும் படமெடுத்து வைக்க வேண்டும். இருக்கும் கீறல்களை ஒரு தாளில் எழுதி, லொறிச் சாரதியிடம் கையொப்பம் பெற வேண்டும். இந்தக் கையொப்பம் இல்லையென்றால், பூனேயில் காணப்படும் நசுங்கல் முன்னரே இருந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது படங்கள் மட்டும் அரைச் சாட்சியாகவே நிற்கும். பெற்றோல் கால் தாங்கிக்கு மேல் வேண்டாம். வீட்டுச் சாமான்களைக் காருக்குள் அடுக்கி அனுப்பக் கூடாது; அவை தொலைந்தால் கேட்பாரில்லை. சுங்கச்சாவடிகளில் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் ஒட்டியை உலோகத் தாளால் மூடிவைத்தால், லொறி கடக்கும் சாவடிகளில் உங்கள் பிள்ளைகளின் பணம் கழிவதைத் தவிர்க்கலாம். பதிவுச் சான்றின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

பூனேயில் காரைப் பெறும்போதும் அதே கவனம் தேவை. இரவில் இறக்கினாலும் நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். சேதம் இருந்தால் அதை இரசீதிலேயே எழுதிவிட வேண்டும். வழக்குத் தொடர வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன்பே, காரை அனுப்பப் பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூல அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பேசித் தீர்க்கலாம் என்று மாதங்களைக் கடத்தினால் உரிமையே போய்விடும்.

இனி இலக்கத் தகடு. ஒரு மாநிலத்தில் பதிவான கார் இந்தியா முழுவதும் ஓடலாம். ஆனால் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவு இலக்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதைப் படிவம் 28இல் கேட்க வேண்டும். அப்படிவத்தில் அடிச்சட்ட (சேஸிஸ்) இலக்கத்தைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு ஒட்டப்பட வேண்டும் என்பதால், காரை லொறியில் ஏற்றும் முன்னரே அதை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். கார் மீது வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் இசைவும் தேவை.

கார் சம்பந்தியின் பெயரில் இருப்பதே உங்கள் விடயத்தில் முக்கியமானது. பெயர் மாற்றத்தை உதகமண்டலத்தில் (உதகை) உள்ள பதிவு அலுவலகத்தில் இப்போதே முடித்துவிடச் சொல்லுங்கள்; அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு கையொப்பத்தில் முடிவது, பின்னர் அவரைப் பூனேக்கும் உதகைக்கும் அலையவைக்கக் கூடாது. பெயர் மாறிய 14 நாள்களுக்குள் காப்புறுதியையும் மருமகனின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ஆயுட்கால வரியைப் புதிதாகச் செலுத்த வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் செலுத்திய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பழைய வரி இரசீது பத்திரமாக இருக்க வேண்டும். மருமகன் அரச ஊழியராகவோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தின் ஊழியராகவோ இருந்தால், 2021இல் தொடங்கிய பாரத் வரிசை இலக்கத்துக்கு மாறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். மீண்டும் மாநிலம் மாறினாலும் புதிய இலக்கம் தேவைப்படாது. வேலை நிமித்தம் ஊர் மாறும் குடும்பத்துக்கு இதுவே மிக உகந்தது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலுள்ள அக்காவின் காரை வாங்குகிறேன். தகட்டில் வடமாகாண எழுத்துகள் உள்ளன. பண்டாரவளைக்குக் கொண்டுவந்தால் தகட்டை மாற்ற வேண்டுமா? லொறியில் ஏற்றுவதா, ஓட்டி வருவதா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: மாகாணம் மாறும்போதெல்லாம் தகடு மாற்றும் சிரமத்தைத் தவிர்க்கவே, 2023 ஜனவரி முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்துகள் நீக்கப்பட்டன. ஆகவே தகட்டைவிட உரிமை மாற்றத்தையே கவனியுங்கள், அம்மா. அக்காவின் கையொப்பத்துடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் தாமதமின்றிப் பதிவுசெய்யுங்கள். கார் அக்காவின் பெயரில் நிற்கும்வரை, நாளை ஏதேனும் விபத்து நேர்ந்தால் அவரையே தேடி வருவார்கள். வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும் என்பதால், அவை எந்தத் திகதிவரை செல்லுபடியாகும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் நல்ல நிலையில் இருந்தால் ஓட்டி வாருங்கள். பிரேக்கும் டயரும் பற்றரியும் சரிபார்க்கப்படாமல் நெடுநாள் நின்ற காராக இருந்தால், யாழ்ப்பாணச் சமநிலத்தில் தெரியாத குறை மலையேற்றத்தில்தான் வெளிப்படும். அத்தகைய காரை லொறியில் ஏற்றுங்கள். எதைத் தெரிவுசெய்தாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் புறப்பட வேண்டாம். கண்டியிலோ தம்புள்ளையிலோ ஓர் இரவு தங்கி வாருங்கள்.