போர் முடிந்த ஊரில் முதலில் எழவேண்டியது எது: பிரதேச சபையா, ஊர்ச் சங்கமா?

போருக்குப் பின்னரான ஆரம்பகட்ட மீட்சியில் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் சிவில் சமூகத்துக்கும் உரிய பங்கு என்ன, இரண்டில் எதை முதலில் பலப்படுத்த வேண்டும், இதில் இலங்கையின் அனுபவம் என்ன என்பது கேள்வி. நான் வெள்ளவத்தையில் வசிப்பவள். 2010 முதல் 2014 வரை, கொழும்பில் தலைமை அலுவலகம் கொண்ட ஓர் அரசசார்பற்ற நிறுவனத்தில் கள இணைப்பாளராகப் பணியாற்றினேன். மாதத்தில் பாதி நாட்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் மீதி நாட்கள் கொழும்பில் அறிக்கை எழுதுவதிலும் கழிந்தன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ச் சங்கம் அநேகமாக உயிரோடுதான் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மக்கள் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை பெயரளவில் இருக்கும். அதற்குப் பணமும் பொறுப்பும் கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் விட்டுவிட்டுத் திட்டத்துக்கொரு புதிய குழுவை அமைத்ததுதான் நாங்கள் செய்த பெருந்தவறு.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிகளுக்குக் கட்டம் கட்டமாக அவர்கள் அனுப்பப்பட்டு, 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. இந்த மூன்றாண்டு காலத்தையே நான் ஆரம்பகட்ட மீட்சி என்கிறேன். தறப்பாளுக்குக் கீழே ஒரு குடும்பம் வாழும் அந்த மாதங்களில், கிணறு எங்கே வெட்டப்படும், வீடு யாருக்கு முதலில் கிடைக்கும், எந்த ஒழுங்கை திருத்தப்படும் என்று எடுக்கப்படும் முடிவுகள் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஊரின் அமைப்பைத் தீர்மானித்துவிடுகின்றன.

அந்த முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன? 2009 மே மாதம், அப்போதைய ஜனாதிபதியின் சகோதரர் பசில் ராஜபக்ச தலைமையில் வடமாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. வடக்கில் எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன செய்யலாம் என்பதற்கு அதன் அனுமதி வேண்டும். வடக்கின் வசந்தம் என்ற பெயரில் பெருவீதிகளும் மின்சாரமும் விரைவாக வந்தன என்பதை நான் மறுக்கமாட்டேன்; பத்து ஆண்டுகளாக மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்கு மின்குமிழ் என்பது சிறிய விடயமல்ல. ஆனால் ஊரின் உள்ளொழுங்கை, பொதுக்கிணறு, சந்தை, வடிகால், மயானம் ஆகியவை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி பிரதேச சபையின் பொறுப்பு. நான் முதன்முதலாகப் போன பிரதேச சபைக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. செயலாளர் ஒருவர், எழுதுவினைஞர் இருவர், ஒரு மேசை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. யாழ்ப்பாண மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும் 2009 ஓகஸ்டிலேயே தேர்தல் நடத்தப்பட்டது. வன்னியின் உட்பகுதி காத்திருந்தது. புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று பிரதேச சபைகளுக்கு 2018 பெப்ரவரியில்தான் வாக்களிக்க முடிந்தது. மீட்சிக்கான பெரும் பணம் வந்து செலவாகி முடிந்த பிறகே அந்த மக்களுக்கு ஒரு சபை கிடைத்தது.

இந்த இடத்தில் பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. முன்னையது மாவட்டச் செயலகத்தின் கீழ் இயங்கும் அரச நிர்வாகம். பின்னையது மக்கள் தெரிவுசெய்யும் மன்றம். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்கள் பலர் பிரதேச செயலாளரைச் சந்தித்துவிட்டு, உள்ளூராட்சியுடன் கலந்தாலோசித்ததாக அறிக்கையில் எழுதினார்கள். நல்ல பிரதேச செயலாளர்களை நான் அறிவேன். இரவு எட்டு மணிக்கும் அலுவலகத்தில் இருந்தார்கள். ஆயினும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு. தன் பெயர் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்கும் ஒரு தாய்க்கு, அடுத்த தேர்தலில் அவளுடைய வாசலுக்கு வரவேண்டிய ஒருவர் பதில் சொல்லும் விதமே வேறு.

ஊர்ச் சங்கத்தைப் பற்றி ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2010 நடுப்பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஊரொன்றில் பாலைமரத்தின் கீழ் கூட்டம் வைத்தோம். பயனாளிகள் குழு ஒன்றை அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களைப் படிவத்தில் நிரப்புவது எங்கள் வேலை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து, "எங்களிட்ட மாதர் சங்கம் இருக்குது, பிள்ளை" என்றார். பொலித்தீனில் இரண்டு மடிப்பாகச் சுற்றிய ஒரு புத்தகத்தை மடியிலிருந்து எடுத்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகம் அது. அவர்தான் பொருளாளர். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அதை அடையாள அட்டையோடு சேர்த்துச் சுமந்திருக்கிறார். கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தில் சுழற்சிக் கடன் வாங்கியோரின் பெயர்களும் தொகைகளும் இருந்தன. அந்தப் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். சிலர் கை உயர்த்தினார்கள். சில பெயர்களுக்கு எவரும் பதில் சொல்லவில்லை. அவர் சற்று நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எந்தப் பெயரையும் வெட்டவில்லை.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை என்று புதிய குழுவையே அமைத்தோம். அடுத்த ஓராண்டில் தண்ணீருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வாழ்வாதாரத்துக்கு ஒன்று என வேறு நிறுவனங்களும் அமைக்க, ஐந்து குழுக்களாயின. ஐந்திலும் அநேகமாக அதே ஒன்பது பெண்கள்தான். தோட்டத்தையும் சமையலையும் விட்டுவிட்டு வாரத்தில் மூன்று பின்னேரங்களைக் கூட்டங்களில் கழித்த அவர்களுக்கு, ஐந்து குழுக்களில் எதிலும் சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

வீட்டுத் திட்டத்தில் இதன் விளைவு கண்முன்னே தெரிந்தது. நாங்கள் பணியாற்றிய ஒரு சிறிய திட்டத்தில் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுக்கப்பட்டது. கணவனை இழந்து ஒரேயொரு மகளோடு தகரக் கொட்டிலில் இருந்த பெண்ணுக்குப் புள்ளி குறைந்து, ஆறு பேர் கொண்ட, ஓரளவு வசதியுள்ள குடும்பம் முன்னுக்கு வந்தது. மாதர் சங்கத்துக்கு இது முதல் நாளே தெரியும். கிராம அலுவலருக்கும் தெரியும். ஆனால் புள்ளிமுறை கொழும்பில் முடிவானது. அதை மாற்றும்படி கேட்க ஊரில் ஒரு கதவு இருக்கவில்லை. பணத்தை மக்களின் கையில் நம்பிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணமும் அதே காலத்தில் உண்டு: இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டம் கட்டமாகச் செலுத்தப்பட்டு, பெரும்பாலான வீடுகளை உரிமையாளர்களே மேசனைப் பிடித்துக் கட்டினார்கள்.

சிவில் சமூகம் என்றதும் கொழும்பு நிறுவனங்களை மட்டும் நினைப்பது சரியல்ல. எங்களைப் போன்ற நிறுவனங்களின் கைகள் கட்டப்பட்டிருந்தன. 2010இல் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2014 யூலையில் பத்திரிகையாளர் மாநாடுகளையும் பயிற்சிப் பட்டறைகளையும் நடத்தக் கூடாது என்ற அறிவித்தல் வந்தது. கட்டடம் கட்டலாம், பேசக் கூடாது என்பதே நடைமுறையாயிற்று. பேசியவர்கள் ஊர்மக்களே. 1992இல் இடம்பெயர்ந்த, கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு மக்கள், ஊர் திரும்ப இடம் கேட்டு ஏறத்தாழ ஓராண்டு தொடர் போராட்டம் நடத்திவிட்டு, 2018 ஏப்ரலில் வெள்ளைக்கொடிகளோடு தங்கள் படகுகளிலேயே தீவில் போய் இறங்கினார்கள். எந்த நன்கொடையாளரின் திட்ட வரைவிலும் அது இருந்ததில்லை.

சபை இல்லாமல் சங்கம் மட்டும் போதுமா என்றால், போதாது. நாங்கள் ஒரு கிராமத்துக்கு நீர்த்தாங்கியும் மோட்டாரும் அமைத்துக் கொடுத்தோம். திட்டம் முடிந்து பதாகையும் நட்டாயிற்று. எட்டு மாதத்தில் மோட்டார் எரிந்துபோனது. மாதர் சங்கம் மின்கட்டணத்தை வீட்டுக்கு வீடு சேர்த்துக் கட்டியது. மோட்டார் வாங்க அவர்களால் எப்படி முடியும்? சபைச் செயலாளரிடம் போனேன். அவர் சொத்துப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எங்கள் நீர்த்தாங்கி அதில் இல்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றுக்குச் சபை நிதியைச் செலவிட்டால் கணக்காய்வில் அவரே பதில் சொல்ல வேண்டும். கையளிக்காத பிழை எங்களுடையது. மேலும், வீடுகளே இடிந்து கிடந்த பிரதேசத்தில், வீடு கட்டடங்களுக்கு அறவிடும் சோலைவரி எங்கிருந்து வரும்? நன்கொடைப் பணத்தில் பராமரிப்புக்கென ஒரு பங்கைச் சபையூடாகவே கொடுத்திருந்தால், அந்தச் செயலாளருக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

நேபாளமும் இதே பாதையில் நடந்தது: 1997க்குப் பிறகு 2017இல்தான் அங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, போர் முடிந்த 2006க்குப் பின்னரான முழுப் பத்தாண்டும் தெரிவுசெய்யப்பட்ட மன்றங்களின்றியே கழிந்தது. இங்கே 2023 மார்ச் முதல் 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை ஏறத்தாழ நாடு முழுவதும் மன்றங்கள் இல்லாதிருந்தபோது, எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் தெருவிளக்குக்கு யாரிடம் சொல்வது என்று என்னைக் கேட்டார்கள். வன்னியில் அதே கேள்வியை நான் ஆண்டுக்கணக்கில் கேட்டிருந்தேன்.

நீங்கள் இத்தகைய பிரதேசத்துக்குப் பணியாற்றப் போவதானால், முதல் வாரத்தில் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். மாதர் சங்கம், சனசமூக நிலையம், கமக்காரர் அமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம் எவை இருந்தன என்று கேட்டு, அவர்களின் புத்தகங்களைப் பாருங்கள். பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சங்கத்தின் ஒருவரை அங்கே அமர்த்த முயலுங்கள். பயனாளிகள் பட்டியலைத் தமிழில் எழுதி, ஆட்சேபம் தெரிவிக்கும் கடைசித் திகதியோடு சங்கக் கட்டடத்தில் ஒட்டுங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே, கட்டி முடிந்ததும் சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றப்படும் என்ற கடிதத்தில் சபைச் செயலாளரின் கையொப்பத்தையும் இறப்பர் முத்திரையையும் பெற்று, ஒரு பிரதியை மாதர் சங்கப் பொருளாளரிடம் கொடுங்கள். அவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்.