கறுப்புப் பெயிண்டைத் தட்டிப் பாருங்கள்: பழைய கார் கேள்வி-பதில்

கையில் 3 லட்சம் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். தினமும் நெல்லிக்குப்பம் போய் வரவேண்டும். டீசல்தான் லாபம் என்கிறார் மச்சான். (மஞ்சக்குப்பம்)

இன்ஜெக்டர் போனால் மச்சானா பில் கட்டுவார்? போக வர 25 கி.மீ. சொச்சம். அந்த ஓட்டத்துக்குப் பழைய டீசல் வேண்டாம். இரண்டு வருடம் மிச்சம் பிடித்ததை டர்போ ஒரே நாளில் விழுங்கிவிடும்.

பெட்ரோலில் 2010-க்குப் பிந்தைய வேகன் ஆர், ஆல்டோ கே10, 1.2 லிட்டர் ஐ10 ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றிலும் எஞ்சினுக்குள் வால்வுகளை நேரம் தப்பாமல் ஓட்டுவது டைமிங் செயின். ஆல்டோ 800, 1.1 லிட்டர் ஐ10 என்றால் அந்த வேலைக்கு மாற்றவேண்டிய பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றும் கூலியையும் சாமானையும் விலையில் கழியுங்கள்.

3 லட்சத்தையும் வண்டிக்கே கொட்டாதீர்கள். இரண்டரைக்குள் முடித்து, மீதியை டயர், பேட்டரி, ஆயில், கூலன்ட், இன்சூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரோடு ஈசிஆரில் ஏறாதீர்கள்.

2012 மாடல், ஒரே ஓனர், மீட்டரில் 38,000 கி.மீ. நம்பலாமா? (வில்லியனூர்)

கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஓனர் மழுப்பினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடியில் புதிதாக ஆன்டி ரஸ்ட் (துரு பிடிக்காமலிருக்க அடிக்கும் கறுப்புப் பூச்சு) அடித்திருக்கிறார்கள். உள்ளே நல்ல வாசனை. விலையும் குறைவு. வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

நீங்கள் நல்லது என்று சொன்ன மூன்றுமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் நின்ற கார்களுக்குள் தண்ணீர். இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரத்தையும் முக்கியது. அன்றைக்கு முங்கிய கார்களெல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவி, காயவைத்து, சென்ட் அடித்து விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. சேற்றுக்கோடு அங்கே நிற்கும். சீட்டை முன்னே தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள். தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை அமுக்குங்கள். ஸ்டெப்னி குழி, டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி, ஹெட்லைட்டின் உள்பக்கம், எல்லாவற்றிலும் சேறும் துருவும் தேடுங்கள். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். முங்கின வண்டி வாங்கிய அன்றே படுக்காது. கனெக்டர் பின்களில் மெல்லப் பச்சை பூத்து, மாதக்கணக்கில் கழித்து பவர் ஸ்டீயரிங், சென்சார் என்று ஒவ்வொன்றாகப் போகும். விற்றவர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

முங்காத வண்டியையும் இங்கே உப்புக்காற்று விடாது. முத்தியால்பேட்டை, வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் பக்கம் ஷெட் இல்லாமல் வெளியே நிற்கும் கார் அடியிலிருந்துதான் அரிக்கும். நல்ல தகரத்தில் அடித்த ஆன்டி ரஸ்ட் காப்பாற்றும். துருவின் மேல் அடித்தது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து அரிப்பை வேகப்படுத்தும். போதாக்குறைக்கு கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் அடைத்துவிடும். அந்தக் கறுப்பை நம்பி, கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு இரண்டையும் வெட்டி மாற்றிய ஆள் நான். அதனால்தான் இந்தக் கோபம்.

லிப்டில் ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரன்னிங் போர்டு, ஜாக் வைக்கும் இடம், பின்சக்கர வளைவின் உள்விளிம்பு எல்லாம் தட்டுங்கள். ‘டங்’ என்றால் தகரம். ‘பொத்’ என்றால் பட்டியோ துருவோ. பிரேக் பைப் பொருக்கு விட்டிருந்தால் விலை பேசவே வேண்டாம்.

பிஒய் 01 (புதுச்சேரிப் பதிவு) வண்டி கடலூர் வண்டியைவிட 40,000 ரூபாய் குறைவு. எடுக்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

அந்த 40,000 கையில் நிற்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். புதுச்சேரி ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். லோன் பாக்கியிருந்தால் பைனான்ஸ்காரர் சம்மதமும், முடிந்திருந்தால் அதைப் பதிவிலிருந்து நீக்கும் படிவம் 35-ம் தேவை. பிறகு இங்கே வண்டியின் வயதுக்கும் விலைக்கும் ஏற்ப தமிழ்நாட்டு வரி, புது நம்பர். அட்வான்ஸ் தருவதற்கு முன் வரி எவ்வளவு என்று கடலூர் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். ‘புதுச்சேரியில் ஒரு வாடகை அட்ரஸ் போட்டுக்கலாம் சார்’ என்பார் புரோக்கர். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். பிடிபட்டால் அவர் வரமாட்டார்.

2021-இல் புரோக்கர் மூலம் என் காரை விற்றேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். இப்போது விபத்து நஷ்டஈட்டு வழக்கில் என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கு வயது 67. (பண்ருட்டி)

அம்மா, பயப்படாதீர்கள், ஆனால் நோட்டீஸை ஓரமாக வைத்துவிடாதீர்கள். பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் உடனே வக்கீலைப் பாருங்கள். பணம் வந்த வங்கிப் பதிவு, டெலிவரி நோட், வாங்கியவரின் ஆதார் நகல், புரோக்கரின் வாட்ஸ்அப் எதுவாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். விபத்து நாளில் இன்சூரன்ஸ் உயிரோடு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு போகும். பாரம் பெரும்பாலும் கம்பெனிமேல் விழும். விற்றது பற்றி ஆர்டிஓவுக்கும் இன்றே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாத படிவத்தை வாங்கிக்கொண்டு போகும் புரோக்கர்களுக்கு இந்தப் பாவம் எங்கே போய்ச் சேருமோ. மற்றவர்கள் கவனிக்க: ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்பவர் வேலை.

ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்து, பிடித்துப்போய் உடனே எடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் நீலப்புகை. கேஸ் போடலாமா? (அரியாங்குப்பம்)

ராத்திரியில் பெயிண்ட் வித்தியாசம் தெரியாது. ஓடிச் சூடான எஞ்சினில் புகையும் அமுங்கியிருக்கும். மெக்கானிக்குக்கு ஒரு ஐந்நூறு கொடுக்க மனசு வரவில்லை, அப்படித்தானே?

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றால் வால்வ் சீலாக இருக்கலாம், செலவு தாங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங். எஞ்சின் இறக்க வேண்டும். கடைக்காரரிடம் வாங்கியிருந்தால், குறையை மறைத்ததற்கு ஆதாரத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் செய்யுங்கள். சரியாகாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்த வழி கிடையாது.

இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, க்ளைம் எடுக்காததற்கான 50 சதவீத போனஸும் உண்டு என்கிறார் விற்பவர். எனக்கு வருமா? (பாகூர்)

போனஸ் ஆளோடு போகும், வண்டியோடு வராது. 14 நாளில் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றி, வித்தியாசத்தைக் கட்டுங்கள். மாற்றாமல் இடித்தால் உங்கள் பம்பருக்கு நீங்கள்தான் இன்சூரன்ஸ் கம்பெனி.