அப்பாவின் முப்பது லட்சமும் லண்டன் விசாவும்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. கணவர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். ஐ.எல்.ஆர். (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு கிடங்கில் வேலை, வருடத்துக்கு 24,500 பவுண்டு. சனி, ஞாயிறுகளில் ஓர் உணவகத்திலும் வேலை பார்க்கிறார். அந்தப் பணம் கையில்தான் வருகிறது. நான் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் மாதம் 60,000 ரூபாய் வாங்குகிறேன். பாட்டி என் பெயருக்கு எழுதிவைத்த சின்ன வீட்டிலிருந்து 12,000 வாடகை வருகிறது. விசாவுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டுமாம். "பைனான்ஸில் முப்பது லட்சம் புரட்டி உன் கணக்கில் ஒரு மாதம் போட்டுவைக்கிறேன், விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்கிறார் அப்பா. அங்கே வசதியாக இருக்கும் கணவரின் சித்தப்பாவோ, "நான் பொறுப்பு என்று எழுதித் தருகிறேன்" என்கிறார். எதைச் செய்வது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் அப்பாவிடம் போய், பைனான்ஸ்காரரிடம் பேசியிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கடன் வாங்கிய பணத்தைச் சேமிப்பு என்று காட்ட முடியாது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. தவிர, ஒரு மாதம் கணக்கில் கிடந்தால் போதும் என்பதும் தப்பு. ஆறு மாதம் முழுக்க இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தொகை இறங்கினாலும், அந்த இறங்கிய தொகையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். அதற்குப் பொய்யான காகிதம் கொடுத்து மாட்டிக்கொண்டால் இந்த விசா மட்டும் போகாது. பத்து வருடம் வரைக்கும் அந்த நாட்டு வாசலை மிதிக்க முடியாமல் போகலாம். புதுப்பெண் எடுக்கக்கூடிய ஆபத்தா அது?

சித்தப்பாவின் கடிதத்துக்கும் பெரும்பாலும் மதிப்பில்லை. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வாக்குறுதியை, மறுத்தால் குடும்ப வாழ்க்கையே குலையும் என்கிற அசாதாரணமான நிலைமைகளில்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் அந்தச் சின்னக் கதவைத் திறந்துவிட்டது. உங்களுடையது அந்த மாதிரி வழக்கு இல்லை. சித்தப்பாவுக்கு உதவ ஆசை இருந்தால் கடிதமாக வேண்டாம், பணமாகவே கொடுக்கட்டும். திருப்பிக் கேட்காத அன்பளிப்பு செல்லும். அதுவும் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ ஆறு மாதம் இருக்க வேண்டும்.

இனி கணக்கைப் பார்ப்போம். 2012 ஜூலையிலிருந்து இந்த வரம்பு 18,600 பவுண்டாக இருந்தது. 2024 ஏப்ரல் 11 அன்று ஒரே தாவலில் 29,000 ஆக்கிவிட்டார்கள். 'என் நண்பன் இருபதாயிரம் சம்பளத்தில் மனைவியைக் கூப்பிட்டுவிட்டான்' என்று யாராவது சொன்னால், அது அந்தத் தேதிக்கு முந்தைய கதையாக இருக்கும். 38,700 வரை ஏறப்போகிறது என்று ஒரு பேச்சும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அறிவித்தார்கள்தான், ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. 29,000தான் நிற்கிறது. இது வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை. கணவர் சொன்ன 24,500உம் அப்படித்தானா என்று அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கைக்கு வருவதைச் சம்பளம் என்று சொல்லும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அவர் சொன்ன 24,500 பிடித்தம் போக வருவதென்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

வரிக்கு முந்தையதுதான் என்று வைத்துக்கொண்டால், குறைவது 4,500 பவுண்டு. இதைச் சேமிப்பால் அடைக்கிற கணக்கு கொஞ்சம் கொடுமையானது. குறைவதை இரண்டரையால் பெருக்கி, அதன்மேல் 16,000 பவுண்டைக் கூட்ட வேண்டும். அதாவது 11,250உம் 16,000உம் சேர்ந்து 27,250 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலே முப்பத்தோரு லட்சத்துக்கு மேல் போகிறது. வெறும் நூறு பவுண்டு குறைந்தாலும் 16,250 பவுண்டு காட்டியாக வேண்டும் என்றால் பாருங்கள்! வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் வைத்துப் போகிறவருக்கு 88,500 பவுண்டு வேண்டும், கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்.

அப்பாவிடம் நிஜமாகவே சொந்தப் பணம் இருந்து, மகளுக்கென்று எழுதிக்கொடுத்தால் அதுவும் ஒரு வழிதான். அதை லண்டனுக்கு அனுப்ப வேண்டியதில்லை, இங்கே உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கலாம். எஃப்.டி.யில் போட்டிருந்தாலும் சரி, அபராதம் கட்டியாவது எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற எஃப்.டி.யாக இருந்தால் போதும். நகை, நிலம், பங்கு எல்லாம் அப்படியே செல்லாது, விற்றுப் பணமாக்க வேண்டும். உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்த நிலத்தை விற்ற பணம் என்றால் ஒரு சலுகை உண்டு. ஆறு மாதமாக அந்தச் சொத்து உங்களுடையதாக இருந்தது என்று பத்திரத்தைக் காட்டினால், பணம் போன வாரம்தான் வந்தது என்பது தடையாகாது.

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முப்பது லட்சத்தின் பக்கமே போக மாட்டேன். அந்தச் சனி, ஞாயிறு வேலையைத்தான் பிடித்துக்கொள்வேன்.

வருடத்துக்கு 4,500 என்றால் மாதம் 375 பவுண்டு. அங்கே 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அந்தக் கூலியிலேயே மாதம் முப்பத்தொரு மணி நேரம், அதாவது வாரக் கடைசியில் ஏழெட்டு மணி நேர வேலை. உங்கள் கணவர் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன், காகிதத்தில்தான் பதிவாகவில்லை. உணவக முதலாளியிடம் பேசி, முறைப்படி சம்பளப் பட்டியலில் சேர்த்து, வரி பிடித்து, பே ஸ்லிப் கொடுத்து, வங்கியில் போடச் சொல்லட்டும். முதலாளி தயங்கினால் முறையாகக் கொடுக்கிற வேறு கடையைத் தேடட்டும். இதுவரை கையில் வாங்கியதற்கு வரி கட்டாமல் இருந்தால் அதையும் ஒரு கணக்காளரிடம் கேட்டு நேர்செய்துகொள்வது நல்லது.

இரண்டு வேலையிலும் ஆறு மாதத்துப் பே ஸ்லிப்பும், அதே ஆறு மாதத்து வங்கி அறிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பே ஸ்லிப்பில் இருக்கும் நிகரத் தொகை வங்கியில் அப்படியே விழுந்திருக்க வேண்டும். வேலை கொடுத்தவர்களிடமிருந்து கடிதமும் வேண்டும். மணிக்கூலி என்றால் ஆறு மாதத்துத் தொகையைக் கூட்டி இரண்டால் பெருக்குவார்கள், அதனால் ஒரு மாதம் குறைந்தாலும் இன்னொரு மாதத்து ஓவர்டைம் தூக்கிவிடும். நிலையான சம்பளம் என்றால் அந்த ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பளம்தான் கணக்கு. இந்தச் சமயத்தில் 'முப்பதாயிரம் தருகிறார்கள்' என்று கிடங்கு வேலையை விட்டு வேறிடத்துக்குத் தாவ வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தாவினால் ஆறு மாதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இல்லையென்றால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் மொத்தமாகவும் 29,000 சம்பாதித்திருப்பதைக் காட்ட வேண்டிவரும்.

உங்கள் சம்பளம்? வருத்தமான விஷயம்தான். விண்ணப்பிப்பவர் வெளிநாட்டில் வாங்கும் சம்பளத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. நீங்கள் இரண்டு லட்சம் வாங்கினாலும் சுழியம்தான். ஆனால் பாட்டி வீட்டு வாடகை செல்லும்! வருடத்துக்கு 1,44,000 ரூபாய், சுமார் 1,200 பவுண்டு. அதைச் சேர்த்தால் குறைவது 3,300 ஆகிறது. சேமிப்பு வழியில் போனாலும் 3,000 பவுண்டு மிச்சம், கணவர் இரண்டாவது வேலையில் சம்பாதிக்க வேண்டியதோ மாதம் 275ஆக இறங்குகிறது. வீடு உங்கள் பெயரில் இருப்பதற்குப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். பன்னிரண்டு மாதமாக வாடகை வங்கிக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். குடியிருப்பவர் இப்போது கையில் கொடுக்கிறார் என்றால் இந்த மாதத்திலிருந்தே வங்கியில் போடச் சொல்லுங்கள். பவுண்டு விலை ஏறினால் வாடகையின் மதிப்பு இறங்கும் என்பதால், வரம்பை ஒட்டி நிற்காமல் கணவர் கொஞ்சம் கூடுதலாகவே சம்பாதித்து வைக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் ஐ.எல்.ஆரோ பிரிட்டிஷ் குடியுரிமையோ இல்லாமல், கம்பெனி மூலம் வேலைக்குப் போகும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருந்தால் மனைவி போவது டிபென்டன்ட் விசாவில். அங்கே இந்த 29,000 கிடையாது. 285 பவுண்டு 28 நாள் கணக்கில் இருந்தால் போதும், கம்பெனியே பொறுப்பேற்றால் அதுவும் வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

வருமானம் சரியான பிறகும் ஒரு பெரிய செலவு காத்திருக்கிறது. மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105 பவுண்டு. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டு ஆனது. சேமிப்பைக் காட்டி விண்ணப்பிப்பவர்கள் இதை அதே கணக்கிலிருந்து கட்டி, காட்ட வேண்டிய தொகையையே குறைத்துக்கொள்ளக் கூடாது. வேறு கணக்கிலிருந்து கட்டுங்கள். விண்ணப்பத்தை யாரிடமாவது கொடுப்பதென்றால், அங்கே குடிவரவு ஆலோசனைக்கான அரசு ஆணையத்தில் பதிவு செய்தவராகவோ வழக்கறிஞராகவோ பாருங்கள். 'பணம் காட்டுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்கிற ஏஜென்ட்டிடம் அப்பாவை அனுப்பாதீர்கள்.

உணவகம் இந்த மாதமே பட்டியலில் சேர்த்தால் ஏழாம் மாதம் விண்ணப்பிக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் ஆங்கிலத் தேர்வை எழுதிவிடுங்கள், முடிவு இரண்டு வருடம் செல்லும். காசநோய்ப் பரிசோதனைக்கு மட்டும் இப்போதே ஓடாதீர்கள். அந்தச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள்.